ஒன்றரை செகண்ட் அத்தான்

என் அத்தானுக்கு வேலையிடத்தில் வைத்த பெயர் 'ஒண்ணரை'. ஆளின் உயரத்தைப் பார்த்து வைத்ததாக நினைத்துவிடாதீர்கள். ஆறடிக்கு இரண்டு விரல்தான் குறைச்சல். லிப்டுக்குள் நின்றால் தலை விளக்கில் இடிக்கும். பன்னிரண்டு வருஷமாக அவர் கையில் இருந்த கேமராவுக்காக வைத்த பெயர் அது. பட்டனை அழுத்தினால் உடனே 'டக்' என்று சத்தம் வரும். படம் விழுவது அதற்கு ஒன்றரை செகண்ட் கழித்து.

அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், லிப்ட் மெக்கானிக். நாலு அலுவலகக் கட்டடங்களும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியும் அவர் பொறுப்பு. தோள்பையில் ஸ்பேனர், எண்ணெய் டப்பா, துடைக்கிற துணி, கறுப்பு டேப் எல்லாம் கிடக்கும். அதற்கு நடுவே ஒரு பழைய காலுறைக்குள் கேமரா. மொட்டை மாடியில் மெஷின் ரூம் வேலை முடிந்தால் பத்து நிமிஷம் நின்று புறா, மேகம், எதிர்க் கட்டடத்து ஜன்னல் என்று எதையாவது எடுத்துவிட்டுத்தான் இறங்குவார். யாரிடமும் போய்ப் படித்துக்கொண்டதில்லை. எடுத்த படத்தை எந்தப் போட்டிக்கும் அனுப்பியதில்லை.

கேமராவும் கடையில் வாங்கியது இல்லை. அலுவலகத்தைக் காலி செய்துகொண்டு போன ஒரு மேலாளர், குப்பைக்கூடையையும் அத்தானையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அத்தானிடம் கொடுத்தது. அப்போதே ஜூம் இறுகிப் போயிருந்தது. ப்ளாஷ் எரியாது. பேட்டரி மூடி திறந்து திறந்து விழும் என்பதால் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தார். ராத்திரி முழுக்க சார்ஜ் ஏற்றினாலும் முப்பது படம்தான் தாங்கும், முப்பத்தொன்றாவதுக்குப் பொட்டென்று அணைந்துவிடும். அதனால் கண்டதையெல்லாம் எடுக்க மாட்டார். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஒரு தடவை நின்று யோசிப்பார்.

ஜூம் இல்லாததால் முகம் பெரிதாக வேண்டும் என்றால் கிட்டே போவார், கூட்டம் முழுக்க விழ வேண்டும் என்றால் பின்னால் நகர்வார். பின்னால் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்க்கிற பழக்கம் மட்டும் கிடையாது. ஒரு கம்பெனி குரூப் போட்டோவுக்காக நகர்ந்து நகர்ந்து வாசலில் இருந்த நீரூற்றுத் தொட்டிக்குள் உட்கார்ந்தே விட்டார். கேமராவை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாராம்.

வெளிச்சம் குறைந்தால் கை ஆடவே கூடாது. அதற்கென்று ஸ்டாண்டு கிடையாது. கதவு நிலை, பிரிட்ஜ் மண்டை, ஒன்றும் அகப்படாவிட்டால் என் மண்டை. "பாப்பா, அப்படியே நில்லு, மூச்சு விடாதே" என்று உச்சந்தலையில் கேமராவை ஊன்றிவிடுவார். எனக்கு நாற்பத்தொரு வயசு. ஒரு மருந்துக் கடையில் பத்துப் பேரைக் கட்டி மேய்க்கிறேன். அவருக்கு நான் இன்னும் பாப்பாதான், தேவைப்பட்டால் முக்காலி.

இந்த ஒன்றரை செகண்டை வைத்துக்கொண்டு மனிதர் குடும்பம் நடத்திய விதம்தான் வேடிக்கை. புறா வந்து உட்கார்ந்த பிறகு அழுத்தினால் படத்தில் வெறும் சுவர்தான் இருக்கும். அதனால் வெறும் சுவரைப் பார்த்து அழுத்துவார், புறா வந்து உட்காரும்போது படம் விழும். "லிப்ட் கதவு எப்ப மூடும்னு தெரிஞ்சவனுக்குப் புறா எப்ப வரும்னு தெரியாதா?" என்பார். எங்கள் வீட்டு வாண்டுகள் ஓடிப் பிடித்து விளையாடும்போது, ஆளே இல்லாத மூலையில் கேமராவை நீட்டிக்கொண்டு நிற்பார். பார்ப்பவர்களுக்கு இவருக்கு என்ன ஆச்சு என்று தோன்றும்.

மனிதர்கள் விஷயத்தில் இன்னும் விசேஷம். கேமராவைத் தூக்கினால் எல்லாரும் கழுத்தை நிமிர்த்தி, முகத்தை இறுக்கி நிற்பார்கள். 'டக்' கேட்டதும் அப்பாடா என்று தோளைத் தளர்த்துவார்கள், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். அப்போதுதான் படம் விழும். கணக்குப் பிரிவில் ஒரு அம்மாள், யாரைப் பார்த்தாலும் கடுகடுவென்று இருப்பார். அவர் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோனபோது, "அம்மா, நீ ஆபீஸ்ல சிரிப்பியா?" என்று பிள்ளைகள் கேட்டார்களாம். சும்மா சொல்லக் கூடாது, அத்தானின் படங்களில் எல்லாரும் அவரவர் வீட்டில் இருப்பதுபோல இருப்பார்கள்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கியில் எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று சொல்வது அவள் வேலை. ஊரில் பாதிப் பேருக்கு அவள் குரல் தெரியும், முகம் தெரியாது. அவளுக்கும் அதுதான் வசதி. மேல்வரிசையில் ஒரு பல் பக்கத்துப் பல்லின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் வகுப்பு போட்டோ எடுக்க வந்த ஆள், "அந்த மூணாவது பொண்ணு, வாயை மூடும்மா" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். அன்றைக்கு வாய்க்குப் போன கை. சிரித்தால் கை வரும், கேமராவைப் பார்த்தாலும் கை வரும். கட்டிக்கொண்ட புருஷன் முன்னாலும் அப்படித்தான்.

அத்தானின் கேமரா முன்னால் மட்டும் அந்தக் கை ஏமாந்து போகும். கேமராவைத் தூக்கியதும் ஏறிவிடும். 'டக்' கேட்டதும் இறங்கும். ஒற்றைக் கண்ணை இறுக்கிக்கொண்டு நிற்கும் புருஷனைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிடும். இப்போதுதான் இறங்கிய கை, மறுபடி ஏறுவதற்குள் படம் விழுந்திருக்கும். ஒன்றரை செகண்ட் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே பன்னிரண்டு வருஷம் ஏமாந்தாள்.

ஆனால் அந்தப் படம் ஒன்றுகூட மிஞ்சியதில்லை. சாயங்காலம் டீ டம்ளரோடு உட்கார்ந்து, அன்றைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பார்கள். தன் பல் தெரிகிற படம் வந்தால் அக்கா அழித்துவிடுவாள். அத்தான் வாயே திறக்க மாட்டார். எடுப்பது அவர் வேலை, அழிப்பது அவள் வேலை என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டதுபோல நடந்தது.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இத்தனை ஆசையுள்ள மனிதர் ரப்பர் பேண்ட் போட்ட கேமராவோடு அல்லாடுகிறாரே என்று எனக்குத் தாங்காது. புதிதாக ஒன்று வாங்கலாம் என்று எத்தனை தரம் சொன்னாலும், "இதுவே போதும் பாப்பா" என்பார். கருமித்தனம் என்று நினைத்தேன், முகத்துக்கு நேரே சொல்லியும் இருக்கிறேன். அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு யாரையும் கேட்கவில்லை. பழைய கேமரா கொடுத்தால் புதியதில் தள்ளுபடி என்று ஒரு கடையில் எழுதிப் போட்டிருந்தார்கள். அவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் பையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, புத்தம் புதுசாக ஒன்றை வாங்கி வந்து மேஜையில் வைத்தேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்துதான் இருந்தது.

"பழசு எங்க பாப்பா?"

"அதைக் குடுத்துதான் இதை வாங்கினேன்."

"அப்படியா?" புதுசை மெதுவாக மேஜையில் வைத்தார். "அந்தக் காலுறை?"

"அது இருக்கு."

"சரி, அது போதும்" என்று புதுக் கேமராவை அதற்குள் நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை.

புதுசில் அழுத்திய மாத்திரத்தில் படம் விழும். அங்கேதான் வினை. பன்னிரண்டு வருஷம் முன்கூட்டியே அழுத்திப் பழகிய விரல், புதுசிலும் முன்கூட்டியே அழுத்தியது. படங்கள் பளிச்சென்று இருந்தன, ஒவ்வொரு செங்கல்லும் எண்ணலாம்போல இருந்தது. புறாதான் இல்லை. ஆபீஸ் ஆட்கள் எல்லாரும் அடையாள அட்டைக்கு நிற்பதுபோல முறைத்துக்கொண்டு நின்றார்கள். "உனக்குப் பேரை மாத்தணும்பா, ஒண்ணரைக்கு முன்னாடி" என்று கேலி செய்தார்களாம். "கேமரா நல்ல கேமரா. நான்தான் பழகணும்" என்றார் என்னிடம்.

அவர் பழகுவதற்குள் அக்காவுக்கு இடது காதுக்குக் கீழே ஒரு கட்டி தென்பட்டது. பரிசோதனையில், பயப்பட வேண்டிய ஜாதிக் கட்டி இல்லை என்று தெரிந்தது. ஆனால் அது உட்கார்ந்திருந்த இடம் சரியில்லை. முகத்தை அசைக்கும் நரம்பு அதற்குள்ளேயே புகுந்து போகிறது, எடுக்கும்போது வாயின் ஒரு பக்கம் அசையாமல் போகவும் கூடும், அசைவு திரும்ப வரும் என்று இப்போதே சொல்ல முடியாது என்றார் டாக்டர். வியாழக்கிழமை ஆபரேஷன் என்று முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே அக்கா சொன்னாள்: "ஏங்க, எனக்கு நான் சிரிக்கிற மாதிரி ஒரு போட்டோ வேணும். வியாழக்கிழமைக்கு முன்னாடி."

பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை நூறு எடுத்திருப்பார்! அத்தனையும் அவள் கையாலேயே அழித்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சமையலறை ஜன்னலில் நல்ல வெளிச்சம் வரும் நேரத்தில் அவளை ஸ்டூல் போட்டு உட்கார வைத்தோம். அத்தான் கேமராவைத் தூக்கினார், கை ஏறியது. அழுத்தினார். படத்தில் கை. "கையை எடும்மா" என்றார். எடுத்தாள், கசப்பு மருந்து குடிக்கப் போகிறவள்போல உதட்டை இறுக்கிக்கொண்டாள். "ஒண்ணு எடுத்துட்டு உடனே இன்னொண்ணு எடுங்க அத்தான், முதல் சத்தத்துல கையை இறக்கிடுவா" என்று யோசனை சொன்னேன். இரண்டாவது வரும் என்று தெரிந்ததும் அவள் கை இரண்டாவதுக்காகக் காத்திருந்தது. மூன்று எடுத்தால் மூன்றாவதுக்கு. நான் போனில் வீடியோ எடுத்துப் பார்த்தேன். நிமிர்ந்து உட்கார்ந்து, பஸ் அறிவிப்பு சொல்கிற முகத்தோடு, "போதும்டி" என்றாள். மறைந்திருந்து எடுத்துவிடலாமா என்று அத்தானைத் தனியே கேட்டேன். "அவ கேட்டு எடுக்கிற படம் பாப்பா. திருடக் கூடாது" என்றார்.

இருநூறு படம் ஆகியிருக்கும். ஒன்றிலும் அவள் இல்லை. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

"ஒரு போட்டோ எடுக்கத் தெரியலை, பன்னிரண்டு வருஷமா என்னத்தைக் கிழிச்சீங்க!" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அத்தான் கேமராவை மூடி வைத்துவிட்டு, "பாப்பா, அந்தக் கடை எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் இரண்டு பேரும் போனோம். கடைக்காரர் ஞாபகம் வராமல் கொஞ்ச நேரம் விழித்தார். பிறகு, "ரப்பர் பேண்ட் போட்டதா? அதை அப்பவே உடைக்கிறதுக்கு அனுப்பிட்டோமே" என்றார். அத்தான் சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் கொடுத்தார். அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடையில் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. பின்னால் மெஷின் ரூம் இரைச்சல்.

"பாப்பா! இதுலயும் கதவு தாமதம் வைக்கலாம்!"

"என்ன கதவு, என்ன தாமதம்?"

லிப்ட் கதவு திறந்தபின் எத்தனை செகண்ட் கழித்து மூட வேண்டும் என்று அவர்தான் திருகி வைப்பார். அதேபோல இந்தக் கேமராவிலும் அழுத்தியதற்கு இரண்டு செகண்ட் கழித்துப் படம் விழுகிறமாதிரி டைமர் வைக்கலாமாம். கூடவே வந்த புத்தகத்தை மொட்டை மாடியில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்திருக்கிறார்.

இரண்டு சிக்கல். டைமர் ஓடும்போது முன்னால் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும், அக்கா கண்டுபிடித்துவிடுவாள். அதன்மேல் கறுப்பு டேப்பை நகத்தளவு வெட்டி ஒட்டினார். இன்னொன்று, டைமர் வைத்தால் அழுத்தும்போது சத்தம் வராது, படம் விழும்போதுதான் வரும். சத்தம் கேட்டால்தானே கை இறங்கும்? "சத்தத்தை நான் போட்டுக்கிறேன்" என்றார். அழுத்தி அரை செகண்ட் கழித்து நாக்கால் 'டக்' என்பது, அதிலிருந்து ஒன்றரை செகண்டில் படம். புதன்கிழமை முழுக்க வேலை நடுவே புறாக்களைப் பார்த்து 'டக் டக்' என்று பழகினாராம். கட்டடக் காவலாளி, "சாருக்கு உடம்புக்கு என்ன?" என்று விசாரித்திருக்கிறார்.

வியாழக்கிழமை காலை. அவர் லிப்ட் பார்க்கிற அதே ஆஸ்பத்திரிதான். பச்சை அங்கி போட்டு, தலைமுடியைத் தொப்பிக்குள் தள்ளி, கட்டிலில் அக்கா உட்கார்ந்திருந்தாள். இடது தாடையில் டாக்டர் பேனாவால் கோடு போட்டிருந்தார். "அஞ்சு நிமிஷத்துல கூட்டிட்டுப் போவோம்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் திரைக்கு அந்தப்பக்கம் போனார். அறையில் வெளிச்சம் மட்டமாக இருந்தது. அத்தான் என்னைப் பார்த்தார். நான் போய் அவர் முன்னால் நின்றேன். உச்சந்தலையில் கேமரா ஏறி உட்கார்ந்தது.

அக்காவின் கை வாய்க்குப் போனது. "இப்பவுமா?" என்றாள் கைக்குள்ளிருந்து.

"டக்" என்றார் அத்தான்.

அவள் கை இறங்கியது. "என்னங்க அது, பல்லி கத்துற மாதிரி!" என்று சொல்லும்போதே சிரிப்பு பீறிக்கொண்டு வந்துவிட்டது. கண்கள் சுருங்கி, தொப்பி ஒரு பக்கம் சரிந்து, அந்த ஏறின பல் முழுசாகத் தெரிய, வாய் இரண்டு காதுவரைக்கும் போயிற்று. என் தலைமேல் சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. நான் அதுவரைக்கும் மூச்சே விடவில்லை.

படத்தை அவளிடம் காட்டினார். கேமராவை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "இதுல அழிக்கிற பட்டன் எது?" என்று கேட்டாள். அத்தான் மறைக்காமல், விரலால் தொட்டுக் காட்டினார். அவள் அந்தப் பட்டனைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், பிறகு கேமராவை என் கையில் கொடுத்தாள். "பத்திரமா வச்சுக்கடி" என்றாள். நர்ஸ் திரையை விலக்கினார்.

கட்டியை முழுசாக எடுத்தாயிற்று, நரம்பை வெட்டவில்லை, ஆனால் நகர்த்த வேண்டியிருந்தது, அது கொஞ்சகாலம் தூங்கும் என்றார் டாக்டர். அது தூங்கத்தான் செய்தது. வாயின் இடது மூலை தொங்கிவிட்டது. தண்ணீர் குடித்தால் வழிந்தது. 'ப', 'ம' எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்தன. பஸ் நிலையத்தில் அவள் இடத்தில் வேறு குரல் பேசியது. தினமும் இரண்டு வேளை கண்ணாடி முன்னால் உட்கார்ந்து உதட்டுக்குப் பயிற்சி செய்யச் சொல்லியிருந்தார்கள். கண்ணாடி ஓரத்தில் அந்தப் படத்தை அவளே ஒட்டிக்கொண்டாள்.

ஆறு வாரம் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் நான் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் கண்ணாடி முன்னால் இருந்தாள், அத்தான் கட்டிலில் உட்கார்ந்து மடித்த துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். திடீரென்று அக்கா கேட்டாள்:

"ஏங்க, இத்தனை வருஷமா நான் அழிச்சுக்கிட்டே இருந்தேன். ஒரு தடவைகூட வேணாம்னு சொல்லலையே?"

"உன் மூஞ்சி, உன் இஷ்டம்."

"அப்புறம் எதுக்கு விடாம எடுத்தீங்க?"

அத்தான் ஒரு சட்டையை மடித்து வைத்தார். "நேர்ல பார்த்தா கைதானே தெரியுது. நீ அழிக்கிறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை பார்த்துடுவேன்ல?" என்றார். பிறகு சாதாரணமாக, "வேற எந்தக் கேமராவுலயும் அது விழாது. அதான் வேற வேணாம்னு இருந்தேன்" என்றார்.

என்னைக் குத்திக் காட்டச் சொன்னது இல்லை. நான் அங்கே இருக்கிறேன் என்பதே அவருக்கு அப்போது ஞாபகம் இருந்திருக்காது. கருமி என்று அவரைச் சொன்ன என் வாயை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நாற்பத்தொரு வயசில் நடு அறையில் நின்றுகொண்டு தேம்பித் தேம்பி அழுதேன்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். "ஏன்டி, எனக்குத்தானே வாய் கோணிச்சு, நீ எதுக்குடி கோணிக்கிறே?" என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு தாங்கவில்லை. வலது பக்கம் மட்டும் ஏறி, இடது பக்கம் எழும்பப் பார்த்து முடியாமல், அந்தப் பல் தெரியச் சிரித்தாள். இரண்டு கையும் மடியிலேயே இருந்தன.

கேமரா கை எட்டுகிற தூரத்தில், மேஜைமேல்தான் இருந்தது. அத்தான் அதை எடுக்கவில்லை. மடித்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.